பன்றிக்கறி: கால்நடை மருத்துவரிடம் கேள்வி பதில்

ஓசூர் வாசகி: ஆட்டுக்கறி விலை கட்டுப்படியாகவில்லை சார். வெண்பன்றிக் கறி அதில் பாதிகூட இல்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுங்கள் அம்மா. கொழுப்பு நீக்கிய 100 கிராம் பச்சைக் கறியில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது, ஆட்டுக்கறிக்கு இளைத்ததில்லை. இதன் தனிச்சிறப்பு தயமின் என்கிற பி1 வைட்டமின். நாம் வழக்கமாகச் சாப்பிடும் ஆடு, மாடு, கோழி எல்லாவற்றையும்விட இதில் அது அதிகம். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் வைட்டமின் அதுதான். மூன்று வேளையும் வெள்ளை அரிசி சாப்பிடும் வீட்டுக்கு இது நல்ல துணை.

தொடைக்கறியாகக் கேட்டு வாங்குங்கள். தோலுக்கடியில் உள்ள வெள்ளைக் கொழுப்பை அரிந்து எடுத்துவிடலாம். வாரம் ஒருநாள் நாலு பேருக்கு அரைக்கிலோ போதும்; மற்ற நாட்களில் பருப்பு, முட்டை, கீரை. பண்ணையில் வளர்ந்த பன்றிதானா என்று கேட்டு வாங்குங்கள். சாக்கடையில் மேயும் பன்றியின் கறி வேண்டவே வேண்டாம்.

கூடலூர் வாசகர்: மூலத்துக்குப் பன்றிக்கறி மருந்தாமே?

இல்லை. நார்ச்சத்தும் தண்ணீரும் கூட்டுங்கள். ரத்தம் போனால் மருத்துவரைப் பாருங்கள்.

திண்டுக்கல் வாசகர்: இதைச் சாப்பிட்டால் மூளையில் புழு வரும் என்கிறார்களே?

இந்தப் பயத்தில் பாதிதான் உண்மை. நாடாப்புழுவின் இளம்பருவம் பன்றியின் சதையில் சிறு கொப்புளமாக இருக்கும். சரியாக வேகாத கறியோடு அதை விழுங்கினால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் புழுக் கொப்புளம் வருவது வேறு வழியில்: அந்தப் புழுவின் முட்டையை விழுங்குவதால். முட்டை வெளியேறுவது மனித மலத்தில். கழுவாத கை, கழிவுநீர் கலந்த தண்ணீர், அதில் விளைந்த பச்சைக் காய்கறி மூலமாக அது வாய்க்குப் போகிறது.

அதே வாசகர்: அப்படியானால் சைவர்களுக்கும் வருமா? நம்ப முடியவில்லை.

வரும். நியூயார்க்கில் பன்றியைத் தொடவே செய்யாத யூதக் குடும்பங்களில் நான்கு பேருக்கு இந்த நோய் வந்தது 1992இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. வீட்டு வேலைக்கு வந்தவர்கள் மூலம் பரவியிருக்கிறது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. மலம் கழித்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் கழிப்பறை கட்டுவதும்தான் இந்த நோய்க்கு வேலி. சாக்கடைப் பன்றி வேண்டாம் என்று நான் விடாமல் சொல்வதும் இதனால்தான்: மனித மலத்தையோ அது கலந்த தீனியையோ தின்றால்தான் பன்றிக்கு அந்தக் கொப்புளம் வரும்.

சேலம் வாசகி: புழு பயமாக இருக்கிறது, சாப்பிடலாமா?

மேலே இரண்டு பதில்களில் சொல்லிவிட்டேன், படியுங்கள்.

மதுரை வாசகர்: ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் நமக்குத் தொற்றுமா?

தொற்றாது. பன்றிக்குத்தான் ஆபத்து.

கோவை வாசகர்: சாசேஜ், பேக்கன் தினமும் சாப்பிடலாமா?

வேண்டாம். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும். விலையும் பச்சைக் கறியைவிட அதிகம்.

நாகர்கோவில் வாசகர்: எங்கள் மார்க்கத்தில் ஆகாது. மாற்று?

மத்தி மீன், முட்டை.

ஈரோடு வாசகர்: புழு இருந்தால் கறியில் கண்ணுக்குத் தெரியுமா?

அரிசி மணி அளவில் வெள்ளைக் கொப்புளம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். கண்ணை நம்பாமல் வேகவைப்பதை நம்புங்கள். புழு பற்றி இனி பதில் இல்லை.

ஓசூர் வாசகி: வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும் சார்?

சிறு துண்டுகளாக்கிக் குக்கரில் வையுங்கள். பிறகு பெரிய துண்டு ஒன்றை நடுவில் வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் இன்னும் இரண்டு விசில் விடுங்கள்.