இலியட்டை இன்னைக்கு படமா எடுத்தா எதை விடலாம், எதை விடவே கூடாது?

எதை வேணா வெட்டட்டும், ஆனா 24வது காண்டத்தோட, அதாவது கடைசி காண்டத்தோட படத்தை முடிக்கணும். என்னோட பதில் இதான்.

கிரேக்கர்கள் ட்ராய் நகரத்து மேல படையெடுத்த போரைப் பத்தின ஹோமரோட காவியம்தான் இலியட். ஆனா அவர் பத்து வருஷப் போரையும் சொல்லலைங்க, பத்தாவது வருஷத்துல சில வாரம் மட்டும்தான். போர்ல பரிசா கிடைச்ச பிரைசீஸ்ங்கற பொண்ணை கிரேக்கப் படைத் தலைவன் அகமெம்னான் புடுங்கிக்கிட்டதால கிரேக்க வீரன் அக்கிலீஸுக்கு வர்ற கோபத்துல ஆரம்பிச்சு, அவன் கொன்ன ட்ராய் இளவரசன் ஹெக்டரோட ஈமச்சடங்குல முடிஞ்சிடும். கிரேக்கர்கள் ஒளிஞ்சு ஊருக்குள்ள போற மரக்குதிரை, அக்கிலீஸைக் கொல்ற குதிகால் அம்பு எதுவும் இலியட்ல நடக்காது. ஒருத்தனோட கோபம் எவ்ளோ உயிரைக் குடிச்சுட்டு எங்க போய் அடங்குதுங்கறதுதான் மொத்த கதையும்.

2004ல வுல்ஃப்கேங் பீட்டர்சன் எடுத்த ட்ராய் படத்துல எரிக் பானாவோட ஹெக்டர் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதே மாதிரி ஹெக்டரோட அப்பா பிரியம் ராஜாவா பீட்டர் ஓடூல் ராத்திரில அக்கிலீஸோட கூடாரத்துக்குள்ள வந்து மகனைக் கொன்ன கைக்கே முத்தம் குடுத்து பொணத்தைக் கேக்கற சீன், சான்ஸே இல்ல. ஆனா அதுக்கப்புறம் குதிரை, ஊர் எரியறது, அம்புன்னு படம் ஓடிக்கிட்டே இருக்கு, அதுல அந்த சீனோட கனமே போயிடுது.

மூலத்துல அந்த ராத்திரி எப்படி இருக்குன்னு பாருங்க. பிரியம் ஹெக்டரை நினைச்சு அழறார், அக்கிலீஸ் ஊர்ல தனியா கிடக்கற தன் அப்பாவையும் செத்துப்போன நண்பன் பட்ரோக்ளஸையும் நினைச்சு அழறான். அப்புறம் வேலைக்காரப் பொண்ணுங்ககிட்ட பொணத்தை பெரியவர் கண்ல படாம தள்ளி வச்சு கழுவச் சொல்றான், ஏன்னா அவர் பார்த்துட்டு கோபப்பட்டா தனக்கும் வெறி வந்து அவரைக் கொன்னுடுவோமோன்னு பயம். கழுவி முடிச்சதும் அவனே தூக்கிக் கிடத்தறான், ரெண்டு பேரும் உக்காந்து ஒண்ணா சாப்பிடறாங்க. இதுக்கு மேல ஒரு கிளைமாக்ஸ் எதுக்குங்க?

இன்னொண்ணு, 22வது காண்டத்துல ஹெக்டர் செத்தது தெரியாம அவன் பொண்டாட்டி ஆன்ட்ரமகி தறியில நெய்துக்கிட்டு, அவன் வந்தா குளிக்க வெந்நீர் போடச் சொல்லிட்டு இருக்கா. கோட்டைச் சுவர் பக்கம் ஓலம் கேக்குது, கையில இருந்த தறி நாடா கீழ விழுது. அப்படியே எடுத்தா போதும், ஒரு வசனமும் தேவையில்ல.

ட்ராய்ல தெய்வங்களை கிட்டத்தட்ட மொத்தமா தூக்கிட்டாங்க, அது எனக்கு ஒப்பல. முதல் காண்டத்துல அகமெம்னானை வெட்ட அக்கிலீஸ் வாளை உருவறப்போ அதீனா தேவி பின்னாடி வந்து முடியைப் பிடிச்சு இழுக்கறா, அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியறா. ஒரு ஷாட்ல அவ இருக்கணும், சுத்தி நிக்கறவங்க பார்வையில இருந்து எடுக்கற ஷாட்ல இருக்கக் கூடாது, இதுக்கு பெரிய கிராஃபிக்ஸ் எல்லாம் வேணாம்.

வெட்டறதுன்னா ரெண்டாவது காண்டத்துல எந்த ஊர்ல இருந்து யார் எத்தனை கப்பலோட வந்தாங்கன்னு வர்ற கப்பல் பட்டியலைத் தாராளமா வெட்டலாம், நடுவுல வர்ற சண்டைகள்லயும் பாதியைக் குறைக்கலாம். குதிரைதான் வேணும்னா அந்தக் கதை ஹோமரோட இன்னொரு காவியமான ஒடிசில வருது, அதைத் தனிப் படமா எடுத்துக்கட்டும்.