பேராக்கின் சுங்கை சிப்புட்டிலிருந்து மலேசியக் கிழக்குக் கரையைக் காடியில் சுற்றிவர ஐந்து நாள் போதுமா?

கேள்வி: பாட்டி, இரண்டு சிறுபிள்ளைகளோடு ஏழு பேர், அல்சா காடி (மூன்று வரிசை இருக்கை உள்ள கார்). கோத்தா பாரு, குவாந்தான் வழியாகச் சுற்றிவரத் திட்டம். எப்படிப் போவது?

ஐந்து நாள் போதும். மொத்தம் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் வரும். ஆனால் கிலோமீட்டரைப் பார்த்து நாளைப் பிரிக்காதீர்கள். கிரிக்–ஜெலி மலைச்சாலையை எத்தனை மணிக்குக் கடப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வந்து நிற்கும்.

1982இல் திறந்த சாலை அது. ஆரம்ப காலத்தில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் தாக்குவார்கள் என்ற அச்சத்தால் இரவில் அடைத்துவைத்தார்கள். இப்போது திறந்திருந்தாலும் குடும்பத்தோடு இரவில் போகவே போகாதீர்கள். விளக்கில்லாத வளைவுகள், காட்டு யானைகள், பல இடங்களில் கைப்பேசிக்கு லைன் கிடையாது. காலையில் பனிமூட்டமும் இருக்கும். அதனால் வீட்டிலிருந்து ஆறரைக்குக் கிளம்பி, குவாலா கங்சார், லெங்கோங் வழியாகக் கிரிக்கில் பசியாறிவிட்டு, ஒன்பது மணிவாக்கில் மலை ஏறுங்கள். கிரிக்கிலேயே எண்ணெயை முழுத் தொட்டியாக நிரப்பிவிடுங்கள். மானிய விலைக்கு மைகார்டு (அடையாள அட்டை) கையில் இருக்கட்டும்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. பேராக்–கிளந்தான் எல்லையில் உள்ள தித்திவங்சா ஓய்விடத்தைத் தாண்டினால் ஜெலி வரை நீண்ட சரிவு. ஏழு பேரும் பைகளும் ஏறிய காடியைப் பிரேக்கிலேயே பிடித்துக்கொண்டு இறங்கினால் பிரேக் எண்ணெய் கொதித்து, மிதி மெத்தென்று உள்ளே போய்விடும். ஆட்டோ கியராக இருந்தாலும் தாழ்ந்த கியருக்கு மாற்றி, இன்ஜின் இழுத்துப் பிடிக்கும்படி இறக்குங்கள். தீய்ந்த வாடை வந்தால் சமமான இடத்தில் ஒதுக்கி, அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகும். பிரேக் எண்ணெய் நாளடைவில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பட்டறையில் மாற்றுங்கள். முந்தின நாள் போனால், ஏதாவது பொருள் தேவைப்பட்டால் வாங்கப் பொழுதிருக்காது.

யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், படம் பிடிக்கக் கதவைத் திறக்கவும் வேண்டாம். பின்னால் வரும் காடிக்கு அபாய விளக்கைப் போட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்.

டயர் காற்றை ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் முழுச்சுமைக்குப் போட்டிருக்கும் அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போதே அடியுங்கள். ஸ்பேர் டயரை எல்லோரும் மறந்துவிடுவார்கள், அதையும் பாருங்கள். பிள்ளைகளுக்கான தனி இருக்கை 2020 முதல் கட்டாயம். இரண்டையும் நடுவரிசையில் மாட்டினால் பின்வரிசைக்கு ஏற வழி அடைபடும். எனவே ஏழு பேரையும் ஒரு நாள் ஏற்றி உட்காரவைத்துப் பாருங்கள். பாட்டி முன்னால். பின்வரிசையை நிமிர்த்திவைத்தால் சாமான் வைக்கக் கொஞ்ச இடம்தான் மிஞ்சும். இரண்டு பேருக்கு ஒரு துணிப்பை போதும், பெட்டி வேண்டாம்.

முதல் நாள் சாப்பாட்டுக்குப் புளிச்சோறு கட்டுங்கள். தேங்காய்ச் சட்னி மதியத்துக்குள் கெட்டுவிடும். லெங்கோங் பக்கத்து வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். கிளம்பும்போது வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், கைப்பேசியும் கொடுக்காதீர்கள்.

மூன்று மணிக்குள் கோத்தா பாரு போய்விடலாம். அங்கே இரண்டு இரவு. கிளந்தான், திரெங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் வியாழன் மாலை சாலை நெரியும். வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். மூன்றாம் நாள் குவாலா திரெங்கானு. நான்காம் நாள் மாராங்கிலிருந்து டுங்குன் வரை கடலோரச் சாலை, அதன்பின் விரைவுச்சாலையில் குவாந்தான். முழுக்கக் கடலோரமாகவே போனால் சமிக்ஞை விளக்குகளிலேயே நேரம் போய்விடும்.

ஆண்டு இறுதி விடுமுறையில் மட்டும் இந்தத் திட்டம் வேண்டாம். நவம்பரிலிருந்தே வடகிழக்குப் பருவமழை. கிளந்தானில் வெள்ளம் வந்தால் நடுவழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடைசி நாள் குவாந்தானிலிருந்து காலை எட்டு மணிக்குள் புறப்படுங்கள். ஞாயிறு மாலையாகிவிட்டால் கோலாலம்பூருக்கு முன்னால் உள்ள கெந்திங் செம்பாவிலிருந்து கோம்பாக் வரை காடிகள் ஊர்ந்துதான் போகும். டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் முன்னமே பணம் ஏற்றிவையுங்கள். தூரத்துக்கேற்பக் கட்டணம் பிடிக்கும் நெடுஞ்சாலைகளில் எந்த அட்டையைத் தட்டி உள்ளே நுழைந்தீர்களோ அதையேதான் வெளியேறும்போதும் தட்ட வேண்டும்.