வாசகர் கேள்வி – பதில்: திட்டம் பலன் தந்ததா?

கேள்வி: அரசின் கல்வி, சுகாதாரத் திட்டங்களைப் பற்றிய அறிவிப்புகளில் “இத்தனை கோடி ரூபாய் செலவு, இத்தனை லட்சம் பயனாளிகள்” என்பதே எப்போதும் காணப்படுகிறது. ஒரு திட்டம் உண்மையில் பலன் தந்ததா என்பதை அதை வைத்து அறிய முடியுமா? (ஒரு வாசகி, திருவாரூர்)

பதில்: முடியாது. பணம் முறையாகச் செலவானதா என்பதைத் தணிக்கை சொல்லும். திட்டம் எத்தனை வீடுகளை எட்டியது என்பதைப் பயனாளிகளின் எண்ணிக்கை சொல்லும். குழந்தைக்கு முன்பைவிட நன்றாக வாசிக்க வருகிறதா, வயதுக்கேற்ற உயரமும் எடையும் இருக்கின்றனவா என்பதற்கு இவ்விரண்டிலும் விடை கிடைக்காது. அந்த விடை கிடைத்த பிறகும், திட்டமே இல்லாதிருந்தால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி மிஞ்சும். மதிப்பீட்டின் உயிர்நாடி இதுதான்; அறிவிப்புகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் இதுதான்.

நமக்குத் தெரிந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தையே பாருங்கள். கொரோனாவால் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் அது தொடங்கியது. ஊர்தோறும் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், 2019-இல் அதே ஊர்களில் அதே வயதிலிருந்த குழந்தைகளோடு ஒப்பிடும்போது, 2021 டிசம்பரில் குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தது தெரியவந்தது. மொழியைவிடக் கணக்கில்தான் இழப்பு அதிகம். பள்ளி திறந்த 6 மாதங்களுக்குள் அந்த இழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் மட்டும் பார்ப்பவர், இந்த மீட்சி முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுதியிருப்பார். மாலை வகுப்புக்குப் போன பிள்ளைகளையும் போகாதவர்களையும் சேர்த்து ஆராய்ந்தபோது, மீட்சியில் சுமார் கால் பங்கே திட்டத்தால் விளைந்தது என்று தெரிந்தது. மற்றது பள்ளி திறந்ததாலும் பிற காரணங்களாலும் வந்தது. கால் பங்கு என்பதைக் குறைவாக எண்ணிவிட வேண்டாம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே அவ்வகுப்புகளுக்கு அதிகம் வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, அது நான் மனதார மதிக்கும் பலன். மிகைப்படுத்தாத எண்ணால்தான் ஒரு நல்ல திட்டத்தைக் காப்பாற்ற முடியும் என்று நான் நம்புகிறேன்.

கல்வியையும் ஆரோக்கியத்தையும் ஒருங்கே அளந்த இன்னொரு ஆய்வும் தமிழகத்தில் நடந்திருக்கிறது. 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் அவற்றில் பாதிக்கு மட்டும், முன்பருவக் கல்விக்கென அரை நாள் வேலை செய்யும் கூடுதல் பணியாளர் ஒருவரை நியமித்தார்கள். அந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. குழந்தைகளின் கணக்கும் மொழியும் மேம்பட்டன. அதோடு, வயதுக்கேற்ற வளர்ச்சியின்மையும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தன. பாடம் சொல்லித்தர இன்னொருவர் வந்துவிட்டதால், ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு ஊட்டச்சத்து, சுகாதார வேலைகளைக் கவனிக்க நேரம் கிடைத்தது. சமையலையும் பதிவேடுகளையும் பிள்ளைகளையும் ஓரிருவரே சுமக்கும் மையத்தைப் பார்த்த எவருக்கும் இதன் பொருள் சட்டென்று புரியும்.

கேள்வி: குலுக்கல் போட்டுச் சில ஊர்களுக்குக் கொடுத்து, சில ஊர்களுக்கு மறுப்பது அநீதி இல்லையா? (ஒரு வாசகர், தென்காசி)

பதில்: உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது, பலன் உறுதியாகத் தெரிந்த தடுப்பூசியையோ மருந்தையோ இப்படி நிறுத்திவைப்பதை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்கப் பணமோ ஆளோ இல்லாதபோது, யாராவது காத்திருக்கத்தான் வேண்டும். செல்வாக்குள்ளவர் ஊருக்கு முதலில் என்பதைவிடக் குலுக்கல் நேர்மையானது. மெக்சிகோவில் 1997-இல் தொடங்கிய புரோகிரெசா திட்டத்தில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, குடும்பத்தினர் சுகாதார நிலையத்துக்கும் முறையாகச் சென்றால், தாய்மாரின் கையில் உதவித்தொகை தரப்பட்டது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 506 கிராமங்களில் 320 முதலில் சேர்ந்தன. எஞ்சிய 186 கிராமங்கள் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்துச் சேர்ந்தன. இந்த இடைவெளிதான் ஒப்பீட்டுக்கு வழி தந்தது. இடைநிலைப் பள்ளியில் சேர்வோர், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், அதிகரித்தார்கள் என்று அதன்மூலம் தெரிந்தது. பள்ளியில் இருந்த பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்ததாகத் தெரியவில்லை என்பதும் ஒளிக்கப்படாமல் வெளிவந்தது. 2000-இல் ஆட்சி மாறியபோதும் அத்திட்டம் கைவிடப்படாமல், பின்னர் பெயர் மாறி நகரங்களுக்கும் விரிந்ததற்கு, கையிலிருந்த அந்தச் சான்றுகள் பெரிதும் உதவின.

கேள்வி: நான் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். எங்கள் அளவில் என்ன செய்ய முடியும்? (ஒரு வாசகி, அரியலூர்)

பதில்: புதிய திட்டம் வருகிறது என்று தெரிந்தவுடன், அது தொடங்குவதற்கு முன்பே, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து இரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, ஒரு கழித்தல் கணக்கும் கொடுத்து, முடிவைத் தேதியுடன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு இறுதியில் அதே அளவில் மீண்டும் பாருங்கள். இத்திட்டம் இன்னும் வராத பக்கத்து ஊர்ப் பள்ளியின் குழுவும் இதையே செய்ய இசைந்தால், உங்கள் குறிப்பின் மதிப்பு பல மடங்கு கூடும். வராத பிள்ளைகளின் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர்களை நீக்கிவிட்டால் எந்தச் சராசரியும் உயர்ந்தே தெரியும்.