கொமடோர் 64-ல் தட்டிய உரை லினக்ஸில் ஏன் குப்பையாகத் தெரிகிறது?

கேள்வி இதுதான்: கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியைப் போல நடிக்கும் நிரலில், அதாவது எமுலேட்டரில், ஆங்கிலச் சின்ன எழுத்து நிலையில் தட்டிச் சேமித்த உரையை லினக்ஸில் திறந்தால் சின்ன எழுத்தெல்லாம் பெரிய எழுத்தாகிவிடுகிறது, பெரிய எழுத்து இருந்த இடத்தில் ஏதோ குப்பை. டெர்மினலில் பார்த்தால் கடைசி வரி மட்டும்தான் மிஞ்சுகிறது. எப்படி மாற்றுவது?

கோப்பு கெட்டுப்போகவில்லை. எழுத்துக்கு எழுத்து ஒரு எண் கொடுக்கும் பொதுவான குறிமுறை ஆஸ்கி. கொமடோருக்கு அது தெரியாது, தன் சொந்தக் குறிமுறையான பெட்ஸ்கிதான் தெரியும். 1977-ல் வந்த கொமடோர் பெட் கணினியோடு பிறந்த குறிமுறை அது. 1982-ல் வந்த 64-ம் அதையே வைத்துக்கொண்டது. அதற்கு அடித்தளம் 1963-ஆம் ஆண்டின் ஆஸ்கி. அதில் சின்ன எழுத்துகளே கிடையாது. அதனால் சின்ன எழுத்தை கொமடோர்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வைத்தார்கள். அடிக்கோடும் இல்லை. அந்த 95-ஆம் எண்ணில் இடதுபக்க அம்புதான் இருக்கும்.

சின்ன எழுத்து நிலையில் 65 முதல் 90 வரை சின்ன எழுத்து, 193 முதல் 218 வரை பெரிய எழுத்து. ஆக, லினக்ஸுக்குக் கொண்டுவரும்போது முதல் கூட்டத்துக்கு 32 கூட்டுங்கள், இரண்டாவதிலிருந்து 128 கழியுங்கள். வரி முடிவுக்கு கொமடோர் போடுவது 13 மட்டும். டெர்மினல் அதைப் பார்த்ததும் கீழே இறங்காமல் அதே வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது, வரிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. 13-ஐ 10 ஆக்கினால் சரியாகிவிடும்.

எதிர்த் திசையில்தான் நான் அடி வாங்கினேன். ஒரு சொல் விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தேன். சொற்பட்டியலை லினக்ஸில் தட்டி, சின்ன பைத்தான் நிரலில் மாற்றி உள்ளே அனுப்பினேன். சின்ன எழுத்தில் 32 கழி, பெரிய எழுத்தில் 32 கூட்டு, அவ்வளவுதானே என்று நினைத்தேன். திரையில் எல்லாம் அழகாக வந்தது. ஆனால் பெரிய எழுத்தில் தொடங்கும் எந்தச் சொல்லைத் தட்டினாலும் "அப்படி ஒரு சொல் இல்லை" என்றே பதில். இரண்டு ராத்திரி தேடல் வழிமுறையைப் பிரித்து மேய்ந்தேன், அதில் ஒரு குற்றமும் இல்லை. கடைசியில் இரண்டு சொற்களையும் எண்களாக அச்சிட்டுப் பார்த்தேன். என் பட்டியலில் பெரிய 'ஏ' 97. விசைப்பலகையிலிருந்து வந்த பெரிய 'ஏ' 193. பெட்ஸ்கியில் 97 முதல் 122 வரை இருப்பவை 193 முதல் 218 வரை உள்ளவற்றின் நகல். திரையில் ஒரே முகம், ஒப்பிட்டால் வேறு ஆள்.

நமக்கு இது புதிதல்ல. 'கொமடோர்' என்ற சொல்லின் முதல் எழுத்தையே யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் போடலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் போடலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடும் நிரலுக்குத் தெரியும்.

அதனால் பெரிய எழுத்தை அனுப்பும்போது 128 கூட்டுங்கள், 32 அல்ல. கொமடோரிலிருந்து வாங்கும்போது 97 முதல் 122 வரை வந்தாலும் பெரிய எழுத்தாகவே எடுத்து 32 கழியுங்கள். மாற்றத்தை கொமடோரிலேயே செய்வதென்றால் நிபந்தனைகளை அடுக்காமல் 256 பைட் அட்டவணை ஒன்று வைத்துவிடுவது எனக்குப் பிடித்த வழி. கொமடோரின் நிரல் மொழியான பேசிக் நமக்குக் கொடுக்கும் 38911 பைட்டில் அது பெரிய செலவில்லை.

அப்புறம், போக் கட்டளையால் நேரடியாகத் திரை நினைவகத்தில் எழுதினால் இந்த எண்கள் எதுவும் பொருந்தாது. அங்கே சின்ன 'ஏ' என்றால் 1. அது தனி அட்டவணை.

உங்கள் கோப்பு உரையாக இல்லாமல் பேசிக் நிரலாக இருந்தால் மேலே சொன்னது உதவாது. அதில் பிரிண்ட் என்ற முழுச் சொல்லும் 153 என்ற ஒரே பைட்டாகச் சுருங்கியிருக்கும். அதை உரையாக்கித் தரும் பெட்கேட் என்ற நிரல் வைஸ் எமுலேட்டரோடு வருகிறது, அதனிடம் கொடுத்துவிடுங்கள்.