அரை அங்குலத்துக்கு வழக்குப் போட முடியுமா?

கேள்வி: கோவையில் மூன்று படுக்கையறை அடுக்குமாடி வீடு எங்களுடையது. கணவருக்கு அமெரிக்க நேரப்படி இரவு வேலை. நான் மாலையில் கூடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வீணை கற்றுத்தருகிறேன். 78 வயது மாமியார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். ‘உங்கள் வாழ்க்கைமுறைக்கு ஏற்ற வீடு’ என்று விளம்பரம் செய்த ஓர் உள்அலங்கார நிறுவனத்திடம் 15,60,000 ரூபாய்க்கு வேலையை ஒப்படைத்தோம். 14 லட்சம் கொடுத்தாயிற்று. 75 நாள் என்றவர்கள் ஏழு மாதம் இழுத்தார்கள். குளியலறைக் கதவில் நாற்காலி நுழையவில்லை. சிங்குக்குக் கீழே ப்ளைவுட் ஊதிவிட்டது. கேட்டால், ‘படங்கள் மாதிரிக்கு மட்டுமே’ என்ற வரியைக் காட்டுகிறார்கள். கூடுதல் வேலைக்கென்று 1,90,000 ரூபாய் கேட்கிறார்கள். வழக்கென்றால் பெங்களூரில், அதுவும் நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்த்துவைக்கும் நடுவர் முன்புதான் என்கிறார்கள். இதற்கிடையே, பால்கனித் தளத்தை உயர்த்தியதற்காகக் குடியிருப்போர் சங்கம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய காகிதங்கள் எல்லாவற்றையும் படித்தேன். ஒப்பந்தம் பதினொரு பக்கம். அதில் உங்கள் மாமியார் எங்குமே இல்லை. வீணையும் இல்லை, கணவரின் பகல் தூக்கமும் இல்லை. ‘குளியலறைக் கதவு – 1, மாடுலர் கிச்சன் – 1, அலமாரி – 3’ என்று மளிகைப் பட்டியல் போல ஓடுகிறது. முதல் சந்திப்பில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து உங்கள் அன்றாடத்தை எல்லாம் கேட்டுக்கொண்டு போகிறவர்கள், கையெழுத்துக்கு நீட்டும் தாளில் மட்டும் அதைக் கொண்டுவருவதில்லை.

உங்களைக் காப்பாற்றுவது வாட்ஸ்அப்பில் இருக்கும் ஒரு படம். நாற்காலியின் மேல் அளவுநாடாவை விரித்துவைத்து, 25½ அங்குலம் தெரியும்படி எடுத்து, ‘அத்தையின் நாற்காலி இது, குளியலறைக்குள் போக வேண்டும்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ‘நோட்டட் மேடம்’ என்று பதில் வந்திருக்கிறது. இது நடந்தது ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு ஒன்பது நாள் முன்பு. இந்தத் தேதிதான் உங்கள் வழக்கின் உயிர்.

ஏனென்றால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 73, ஒப்பந்தம் மீறப்பட்டால் இயல்பாக விளையும் இழப்போடு நின்றுவிடவில்லை. ஒப்பந்தம் செய்யும்போதே, மீறினால் இன்ன இழப்பு வரும் என்று இரு தரப்பும் அறிந்திருந்தால், அந்த இழப்புக்கும் ஈடு கேட்கலாம் என்கிறது. சாதாரண வீட்டில் கதவு ஓர் அங்குலம் குறைந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். உங்கள் வீட்டில் அது ஒரு முதியவரைத் தினமும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகவைக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

கதவு 30 அங்குலம் என்று வரைபடத்தில் இருக்கிறது. 30தான் வைத்திருக்கிறோம் என்கிறார்கள். அவர்கள் சொல்வது நிலையின் வெளியளவு. இரு பக்க நிலைச்சட்டமும் இரண்டரை அங்குலம் வீதம் போக, வழி 25 அங்குலம். நாற்காலிக்கு அரை அங்குலம் போதவில்லை. சக்கரத்தைத் தள்ளும் கைகளுக்கான இடம் தனி. நாற்காலியின் அளவை எழுத்தில் வாங்கிக்கொண்டவர்கள் நிலையின் வெளியளவைக் காட்டித் தப்பிக்க முடியாது. இது சேவைக் குறைபாடு. ‘படங்கள் மாதிரிக்கு மட்டுமே’ என்ற வரி வண்ணத்துக்கும் திரைச்சீலைக்கும் பொருந்தலாம். அளவு குறித்த வரைபடத்துக்குப் பொருந்தாது என்றே வாதிடுவேன்.

ப்ளைவுட் விவகாரம் இன்னும் எளிது. விலைப்பட்டியலில் ‘சமையலறை முழுதும் 710 தரம்’ என்று இருக்கிறது. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரக்குறியீடு, ஈரம் தாங்கும் மரைன் ப்ளைவுட்டுக்கானது. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் பசை விடக் கூடாது என்பது அதற்கான சோதனை. நீங்கள் அனுப்பிய படத்தில், சிங்குக்குக் கீழே லேமினேட் உரிந்த இடத்தில் தெரியும் முத்திரை 303. அதுவும் தரக்குறியீடுதான், ஆனால் பொதுப் பயன்பாட்டுக்கான வேறு பலகை, வேறு விலை. அந்த முத்திரை தெரியும் துண்டைத் தச்சர் அறுத்து எடுத்துக்கொண்டு போக விடாதீர்கள். ‘இலவசமாக மாற்றித் தருகிறோம்’ என்று திடீரென ஆள் வந்தால், முதலில் உங்கள் பொறியாளர் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.

எங்கே போவது? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். கட்டணம் 400 ரூபாய். ‘பெங்களூரில் மட்டும்’ என்ற வரி இந்த உரிமையைப் பறிக்காது. நடுவர் ஷரத்து இருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடாது என்பதும் 2018இல் உச்ச நீதிமன்றத்தில் எமார் எம்ஜிஎஃப் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் முடிவான விஷயம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கடிதம் எழுதிக்கொண்டே இருப்பதால் அந்தக் கெடு நீளாது.

வீணை வகுப்பு நடப்பதால் இது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்ல என்று நிறுவனத்தார் பதில் கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். சிரிப்புத்தான் வந்தது. முதன்மை நோக்கம் எது என்றுதான் பார்க்க வேண்டும். நீங்கள் வாங்கியது குடியிருக்கும் வீட்டுக்கான வேலை. வீட்டுமனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ரெராவுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், சொந்த வீட்டைப் புதுப்பிக்கும் வேலை அதன் வரம்பில் வராது. மோசடி என்று காவல் நிலையத்தில் புகார் கொடுக்கச் சொல்லும் உறவினரின் யோசனையையும் தள்ளிவையுங்கள். ஒப்பந்தத் தகராறுக்குக் குற்றவியல் சாயம் பூசுவதை நீதிமன்றங்கள் பலமுறை கண்டித்திருக்கின்றன.

இனி உங்களுக்குப் பிடிக்காத இரண்டு செய்திகள். கூடுதலாகக் கேட்கும் 1,90,000இல் எல்லாமே அநியாயம் அல்ல. பூஜை அறைக்கு மேல் பரண் வேண்டும் என்று உங்கள் கணவர் அதிகாலை நான்கு மணிக்கு அனுப்பிய செய்தி என்னிடம் இருக்கிறது. அவர் கேட்டார், அவர்கள் செய்தார்கள், நீங்கள் பெட்டிகளை அடுக்கிவிட்டீர்கள். இலவசமாகச் செய்ய எண்ணாத வேலையின் பலனை அனுபவிப்பவர் அதற்குரியதைத் தர வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டம், பிரிவு 70. பரணுக்கான 42,000 ரூபாயை ஒப்புக்கொண்டு, உங்கள் கோரிக்கையில் கழித்துக் காட்டுங்கள். மற்ற இனங்களுக்கு நீங்கள் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது பால்கனி. நாற்காலி தடையின்றிப் போக வேண்டும் என்பதற்காக பக்கவாட்டில் நகரும் கதவை எடுத்துவிட்டு, கலவை கொட்டித் தளத்தை நான்கு அங்குலம் உயர்த்தியிருக்கிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் பால்கனி பெரும்பாலும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் தளம். அதன்மேல் ஏற்றிய பாரமும் மழைநீர் வாட்டம் மாறியதும் உங்களோடு நிற்காது, கீழ்வீட்டுக்காரர் கூரைக்குப் போகும். சங்கத்தின் அனுமதியை யார் வாங்குவது என்று ஒப்பந்தத்தில் இல்லை. வீட்டின் உரிமையாளர் என்ற முறையில் சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். இன்னொன்றும் உண்டு. கட்டுமானக் குறைகளுக்கு, வீட்டை ஒப்படைத்ததிலிருந்து ஐந்து ஆண்டுகள் கட்டுநர் பொறுப்பு என்கிறது ரெரா சட்டம். நாளை அந்தப் பக்கம் விரிசல் விட்டால், ‘நீங்கள்தான் கை வைத்தீர்கள்’ என்று அவர் கையைக் கழுவ இது வழி செய்யும். சங்கத்தோடு மல்லுக்கு நிற்காமல், கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கையோடு நேரில் போய்ப் பேசுங்கள். கலவையை எடுத்துவிட்டு, கழற்றி மாட்டக்கூடிய சாய்தளப் பலகை வைத்தால் நாற்காலியும் போகும், சங்கமும் சமாதானமாகும். எடுக்கும் செலவை நிறுவனத்திடம் கேட்கலாம். முழுதும் கிடைக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன்.

‘திருப்தியுடன் பெற்றுக்கொண்டோம்’ என்ற தாளில் கையெழுத்திட்டால்தான் உத்தரவாத அட்டை என்கிறார்களாம். கையெழுத்திடாதீர்கள். இட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், குறைகளை உங்கள் கையால் அதிலேயே எழுதி, கீழே கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் அழியாமல் வைத்திருங்கள். அதைத் தாக்கல் செய்யும்போது 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம், பிரிவு 63இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றும் இணைப்போம்.

வழக்கு முடியும்வரை அத்தையைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டுமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்று சட்டம் சொன்னாலும், நடப்பில் அதைவிட இழுக்கும். சரிசெய்து கொடுக்கச் சொல்லி 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்குள் ஒரு பொறியாளர் வந்து கதவை அளந்து, படம் எடுத்து, அறிக்கை தரட்டும். பதினாறாம் நாள் உங்கள் கொத்தனாரையும் தச்சரையும் அழைத்துக் கதவை அகலப்படுத்திவிடுங்கள். ரசீதோடு அந்தச் செலவையும் கோரலாம். இழப்பைக் குறைக்க உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்பதையும் ஆணையம் பார்க்கும். கழற்றும் பழைய நிலையைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சாக்கில் சுற்றிக் கார் நிறுத்துமிடத்தில் வையுங்கள், எனக்கு அது வேண்டும்.