பெயர் தெரியாத சாவு

அன்புள்ள ஐயா,

ஃப்ரீமாண்டில் வசிக்கிறேன், வேலை சான்பிரான்சிஸ்கோவில். அங்கே நகரப் பிணப் பரிசோதனைக் கூடத்தை 2017இல் பூகம்பத்தைத் தாங்கும்படி புதிதாக அமைத்தார்கள். 2014இல் மக்கள் வாக்களித்த 40 கோடி டாலர் கடன் பத்திரத்தில் ஒரு பங்கு இதற்குப் போனது. உயிரோடு இருப்பவர்களே தெருவில் படுத்திருக்கும் ஊரில் செத்தவர்களுக்கு இத்தனை பாதுகாப்பா? பழைய இடத்தையே பலப்படுத்தியிருக்கலாமே?

க.

அன்புள்ள க.,

பழைய இடம் பிரையன்ட் தெரு நீதிமன்றக் கட்டடம். பெரிய நடுக்கத்தைத் தாங்காது என்று நகரமே சொன்ன கட்டடம் அது. அதை விடுங்கள். வீடற்றவர்களுக்காக நீங்கள் வருந்துவது நியாயம்தான். ஆனால் 'செத்தவர்களுக்கு' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. யோசிக்காமல் எழுதியிருக்கிறீர்கள்.

1906 பூகம்பத்தில் அந்த நகரத்தில் இறந்தவர்கள் 500 பேருக்கும் குறைவு என்று அரசு கணக்கை மூடியது. 1960களில் நகர நூலகத்தில் இருந்த கிளாடிஸ் ஹான்சனிடம், தாத்தா பாட்டி பெயரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். பட்டியலே இல்லை. அவரே பெயர் பெயராகச் சேர்க்க ஆரம்பித்தார். பல பத்தாண்டு உழைப்புக்குப் பிறகு, 3,000 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள் என்றார். சைனா டவுன் முழுக்க எரிந்துபோனது. அங்கே செத்த சீனர்களைப் பழைய கணக்கு பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை.

சுனாமிக்குப் பிறகு, 2005 தை மாதம், நாகப்பட்டினம் போயிருந்தேன். யார் எவர் என்று பார்க்க நேரமில்லாமல் குழி தோண்டி மொத்தமாகப் புதைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், வேறு வழி இருக்கவில்லை. அக்கரைப்பேட்டையில் ஒரு பெண், புருஷன் உடல் கிடைக்காதவர், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தாலியக் கழட்டணுமா வேணாமா, நீங்களாச்சும் சொல்லுங்க சார்." எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பதிலைச் சொல்லத்தான் இந்தக் கூடம். சாதாரணக் கட்டடம் இடியாமல் நின்று உள்ளே இருப்பவர்கள் தப்பினால் போதும். இது மறுநாள் காலை வேலை செய்யவேண்டும். கரண்ட் போனாலும் குளிர் அறை ஓடவேண்டும். பல் எக்ஸ்ரேயும் கைரேகையும் டிஎன்ஏவும் எடுக்கும் வரை உடல் கெடக்கூடாது. ஊரே விழுந்த அன்றுதான் அதற்கு வேலை அதிகம். அன்று அதுவும் விழுந்து கிடந்தால்?

அப்புறம் ஒன்று. உங்கள் ஃப்ரீமாண்டுக்கு அடியிலேயே ஹேவர்டு பிளவு என்ற பூகம்பப் பிளவு ஓடுகிறது. வீட்டு அலமாரிகளைச் சுவரோடு திருகி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.