பனியை வெள்ளையால் மட்டும் தீட்டலாமா?

கேள்வி: எண்ணெய் வண்ணம் பழகுவதற்காக, ருஷ்ய ஓவியர் இவான் ஷீஷ்கின் 1890இல் தீட்டிய ‘குளிர்காலம்’ ஓவியத்தைப் பார்த்து வரைந்து வருகிறேன். நான் தீட்டும் பனி, சுண்ணாம்பு அடித்த சுவர் போலத் தட்டையாக இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: வெள்ளையைத் தொடக்கத்திலேயே செலவழித்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ருஷ்ய அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தில், முன்புறப் பனி பெரும்பாலும் நிழலில் கிடக்கிறது. மரங்களுக்குப் பின்னாலுள்ள வெளியில்தான் வெளிச்சம் விழுகிறது. ஆகவே, முதலில் பழுப்பு வண்ணம் ஒன்றை மட்டும் டர்பன்டைனில் கரைத்து, இருள் எங்கே, ஒளி எங்கே என்று முழுப் படத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தையும் கலந்து கிடைக்கும் சாம்பல் நிறத்தில் டைட்டேனியம் வெள்ளையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நிழற்பனி முழுவதையும் அந்தக் கலவையாலேயே தீட்டுங்கள். வெயில் படும் பனிக்கு வெள்ளையோடு மஞ்சள் ஓக்கர் ஒரு துளி போதும். கலப்பற்ற வெள்ளையைக் கடைசி நாள்வரை தொடவே வேண்டாம்.

விழுந்து கிடக்கும் மரங்களின் அடிநிழலைப் பொறுமையாகத் தீட்டுங்கள். பனியின் மேடுபள்ளத்தைக் கண்ணுக்குக் காட்டுவது அதுதான், எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்த பகுதியும் அதுவே.

மேலே செல்லும் ஒவ்வொரு பூச்சிலும் ஆளிவிதை எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். மாறாகச் செய்தால் பின்னாளில் வெடிப்பு விழும். டைட்டேனியம் வெள்ளை மெதுவாகத்தான் உலரும் என்பதால், அடுத்த பூச்சுக்குச் சில நாட்கள் காத்திருங்கள்.